மலையேற்றத்திற்கு ஓர் ஆயத்தம்

“மாமா, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மறைக்காமல் சொல்லுங்கள்” என்று என் மருமகன் கேட்டார்.

“நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை” என்று பதில் சொன்னேன்.

அது பொய். பிரசங்க பீடத்தில் நிற்கிறவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொய் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொன்னேன். அந்தப் பொய் ஐந்து நாட்கள் என்னோடே கூட நடந்தது. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நார்வே தேசத்திலுள்ள பெர்கன் பட்டணத்திற்குப் போயிருந்தேன். என் ஒரே மகள் 2013-இல் முதுகலைப் படிப்புக்காக அங்கே போனாள். பின்பு அங்கேயே வேலை கிடைத்து, திருமணமாகி, இப்போது ஆறு வயதுப் பெண்பிள்ளைக்குத் தாயாகவும் இருக்கிறாள். மருமகன் கடலடிக் குழாய்களைச் செப்பனிடும் துறையில் பொறியாளர். மும்பையில் சபையை விட்டு ஒரு மாதம் விலகியிருப்பது எனக்குச் சிறிய காரியமல்ல. அதனால் ஒன்பது ஆண்டுகளாக “அடுத்த வருடம், அடுத்த வருடம்” என்று தள்ளிவைத்த பயணம் அது.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே மருமகன் ஒரு வரைபடத்தை மேசையின்மேல் விரித்தார். “மாமா, உங்களை ஒரு மலைக்கு அழைத்துப்போக ஆசை. ஒரு நாள் நடை. கடினமான நடைதான். ஆனால் வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டீர்கள்” என்றார்.

ஹார்டாங்கர் என்பது பெர்கனுக்குக் கிழக்கேயுள்ள ஒரு ஃபியோர்டு. ஃபியோர்டு என்ற சொல் நம்மில் அநேகருக்குப் பள்ளிப் புவியியல் புத்தகத்தோடு மறந்துபோயிருக்கும். ஆதிகாலத்துப் பனியாறுகள் மலைகளை ஆழமாகக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. அவை உருகி விலகியபின் கடல் உள்ளே வந்துவிட்டது. ஹார்டாங்கரில் அப்படி உள்ளே வந்த கடல் 179 கிலோமீட்டர் நீளம். ஆழம் சில இடங்களில் 800 மீட்டருக்கும் அதிகம். அதிலிருந்து தெற்கே பிரிந்துபோகும் ஒரு கிளையின் கரையில், கின்சார்விக் என்றும் லோஃப்தூஸ் என்றும் இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. சாலைவழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் கால் மணி நேரம் போதும். மருமகன் போக நினைத்தது சாலைவழியே அல்ல. கின்சார்விக்கில் கடல்மட்டத்திலிருந்து ஏறி, ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் மலை விளிம்பிலேயே நடந்து, லோஃப்தூஸில் மறுபடியும் கடல்மட்டத்திற்கு இறங்குகிற 16 கிலோமீட்டர் பாதை. நார்வே மொழியில் அதன் பெயர் ‘ட்ரோனிங்ஸ்டியன்’. ராணியின் பாதை என்று பொருள். மலைநடையில் மிகுந்த பிரியமுள்ள ராணி சோனியா இந்தப் பாதையில் நடந்திருக்கிறார். அவரை முன்னிட்டே அந்தப் பெயர்.

1100 மீட்டர் என்றதும் எனக்கு அலட்சியம் வந்தது. எங்கள் சபை வாலிபர்கள் மகாராஷ்டிராவிலேயே உயரமான கல்சுபாய் மலைக்கு விடுமுறை நாட்களில் போவார்கள். அது 1646 மீட்டர். நாற்பது வயதில் நானும் அவர்களோடு ஏறியிருக்கிறேன். “இது அதைவிடச் சிறியதுதானே” என்றேன்.

அந்த மேசையில் இன்னொருவரும் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மையார்; வயது எழுபத்தொன்று; ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் பேத்திக்கு அவர்தான் அங்கே பாட்டி. மகள் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் மலையில் நடக்கத் தொடங்கும் கிராமம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?”

யோசித்தேன். கல்சுபாயின் அடிவாரக் கிராமமே பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேருந்து அந்த உயரத்தை நமக்காக ஏறிவிடுகிறது. மலை எவ்வளவு உயரம் என்பதல்ல, என் கால் எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்பதே கணக்கு. ஹார்டாங்கரில் முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை காலே ஏறவேண்டும். பிறகு அத்தனையையும் காலே இறங்கவேண்டும்.

அன்று தொடங்கி அந்த அம்மையாரே எங்களுக்கு ஆசிரியை ஆனார். எனக்கு வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர்களில் சிலர்கூட இத்தனை ஒழுங்காக நடத்தியதில்லை.

வரைபடத்தைப் படிப்பதிலிருந்து ஆரம்பித்தார். அதில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் விலகியிருந்தால் சரிவு மெதுவானது, நெருங்கியிருந்தால் செங்குத்து. லோஃப்தூஸுக்கு மேலே அவர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கறைபோலத் தெரிந்தன. “இந்த இடத்தில்தான் நீங்கள் இறங்குவீர்கள். காலையில் அல்ல, ஏழு மணி நேரம் நடந்து களைத்த பின்பு” என்றார்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய விதியைச் சொல்லியிருக்கிறார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்குக் கூட்டிப்பார்த்தால் ஐந்து மணி நேரம் வந்தது. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அம்மையார் பென்சிலை எடுத்து, “இது பழகின காலுக்கு” என்று சொல்லி, அதில் பாதியைக் கூட்டினார், ஏழரை. சாப்பிடவும் இளைப்பாறவும் ஒரு மணி நேரம், எட்டரை. பின்பு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் ஒன்றைக் கூட்டினார், ஒன்பதரை. அந்தக் கடைசி ஒரு மணி நேரம் என் மனதைக் குத்தியது என்பதை மறைக்கமாட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் அங்கே சூரியன் இரவு எட்டரைக்கு மேல்தான் அஸ்தமிக்கிறது. காலை ஏழரைக்குப் புறப்பட்டால் மாலை ஐந்துக்கு முடியும். இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் மீதமிருக்கும். அந்த மூன்று மணி நேரத்தைத் தொடக்கூடாது என்றார் அவர். வழி தவறினால், கால் பிசகினால், மூடுபனி இறங்கினால் செலவழிப்பதற்காக வைத்திருக்கும் சேமிப்பு அது.

வானிலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பெர்கனில் வருடத்திற்கு 2200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மும்பை மழையைப்போல நான்கு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுவதல்ல. எல்லா மாதமும் பெய்யும். அந்நாட்டு வானிலை ஆய்வு நிறுவனமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 2007 முதல் நடத்தும் இணையதளம் ஒன்றில், எந்தக் குக்கிராமத்திற்கும் எந்த மலைக்கும் மணிக்கு மணி முன்னறிவிப்பு கிடைக்கிறது. ஆனால் கரையோர ஊரின் முன்னறிவிப்பைப் பார்த்து மலைக்கு உடுத்தக்கூடாதாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு அல்லது ஏழு டிகிரி குறையும். கீழே ஆப்பிள் தோட்டத்தில் பதினாறு டிகிரி இதமாக இருக்கும்போது மேலே ஒன்பதரைதான். அதன்மேல் காற்றும் அடிக்கும்.

இதனால் என் பருத்திச் சட்டைகள் எல்லாம் தள்ளப்பட்டன. பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். நனைந்தாலும் கதகதப்பு தருவது கம்பளிதான். மருமகனுடைய கம்பளி உள்ளாடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றபோது, கத்தரிக்கத் தயாரான ஆட்டைப்போல என்னை உணர்ந்தேன். குடையை எடுத்து வைத்தேன்; பேத்தி சிரித்து அதை வாங்கிப் போய்விட்டாள். மலைக்காற்றில் குடை என்ன ஆகும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கே தெரிந்திருந்தது.

அந்தத் தேசத்தில் இவையெல்லாம் பிள்ளைகளுக்கே பாடம். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் மரித்தார்கள். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும், 1868-இல் தொடங்கப்பட்ட அந்நாட்டு மலைநடைச் சங்கமும் சேர்ந்து, மலைக்குப் போகிறவர்களுக்கான விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016-இல் திருத்தப்பட்டபின் அவை ஒன்பது விதிகள். அவற்றை எங்கே அச்சிட்டிருக்கிறார்கள் தெரியுமா? க்விக் லுன்ஷ் என்று ஒரு சாக்லேட் உண்டு. மலைக்குப் போகிற எல்லாரும் அதை வாங்குவார்கள். அந்த உறையின் உட்புறத்தில்! தின்கிறவன் படித்தே ஆகவேண்டும். நம்முடைய சபைகளில் ஒழுங்குவிதிகளைச் சுவரில் ஒட்டுகிறோம்; யாரும் படிப்பதில்லை. சாக்லேட் உறை நல்ல யோசனையாகத்தான் தோன்றுகிறது.

முதலாவது விதி: பயணத்தைத் திட்டமிடு, போகும் வழியை யாருக்காவது சொல்லிவிட்டுப் போ. எட்டாவது விதி: காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இந்த எட்டாவதைச் சொல்லும்போது அம்மையார் என் முகத்தைப் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. குற்றமுள்ள மனதுக்கு எல்லாரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும்.

புதன்கிழமை ஒத்திகை. அன்றைக்குச் சுமக்கப்போகும் பையை அப்படியே சுமந்துகொண்டு, அணியப்போகும் காலணியை அணிந்துகொண்டு, பெர்கன் நகரின்மேல் நிற்கும் ஃப்ளோயன் மலைக்கு ஏறவேண்டும். 320 மீட்டர் உயரம்வரை செல்லும் இழுவை ரயிலும் அங்கே உண்டு. 1918 முதல் ஓடுகிறது. மருமகனும் நானும் நடந்து ஏறினோம். எந்தக் கஷ்டமும் இல்லை. “பார்த்தீர்களா மாப்பிள்ளை” என்றேன்.

இறங்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வலது முழங்காலின் உட்பக்கத்தில் ஆணி இறங்கினதுபோல் வலித்தது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அது எல்லாருக்கும் தெரியும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதையும் முழங்கால் தாங்குகிறது. அது முழங்காலுக்கு மட்டுமே தெரியும். நான் நின்றேன். “மாப்பிள்ளை, இவ்வளவு பழைய ரயில் என்கிறீர்கள், ஏறிப்பார்க்காமல் ஊருக்குப் போனால் நன்றாயிராது” என்றேன். அவர் சந்தோஷமாக மறுபடியும் மேலே அழைத்துப்போய்ச் சீட்டு வாங்கித்தந்தார். ரயிலில் உட்கார்ந்து, ஜன்னல்வழியே பட்டணத்தின் அழகைப் புகழ்ந்துகொண்டே கீழே வந்து சேர்ந்தேன்.

இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்த்து, துணியைச் சுற்றிக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை? மருமகன் ஆசையாக ஏற்பாடு செய்திருந்தார். அதைக் கெடுக்க மனமில்லை. அது உண்மைதான். மகளுடைய வீட்டில் வயதானவனாக, சுமையாகத் தெரிய விருப்பமில்லை. இது அதைவிட உண்மை.

வெள்ளிக்கிழமை இரவு, முதலாம் விதியின்படி ஒரு தாளை எழுத உட்கார்ந்தோம். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப்போகிற அம்மையாரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். போகும் வழி, காரின் எண், உடைகளின் நிறம், திரும்பிவரும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 112 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும் என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்டன. மலையில் எல்லா இடத்திலும் கைபேசி வேலைசெய்யும் என்று நம்பக்கூடாது, தாள்தான் நம்பிக்கை. ஒவ்வொருவருக்கும் என்ன வியாதி, என்ன மருந்து என்பதையும் எழுதவேண்டும். மீட்பவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்று அறிந்து வரவேண்டுமல்லவா?

மகள் எழுதினாள். தன் கணவர் பெயருக்கு நேரே, ‘ஒன்றுமில்லை’. தனக்கு நேரே, ‘தேனீக் கொட்டினால் ஒவ்வாமை’. பின்பு, ‘அப்பா, வயது 56, நீரிழிவு, மாத்திரை’ என்று எழுதி, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே, “வேறு ஏதாவது உண்டா அப்பா?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா.”

“தாத்தா காலில் துணி சுற்றியிருக்கிறாரே” என்றாள் பேத்தி.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மகள் என் முகத்தையும் என் காலையும் பார்த்தாள். பேனாவை மூடி மேசையின்மேல் வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவான குரலில் சொன்னாள்: “அம்மாவுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னீர்கள்.”

அருமையானவர்களே, 2014-ஆம் ஆண்டில் என் மனைவி வியாதிப்பட்டாள். மகள் அப்போது பெர்கனில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் தொலைபேசியில் பேசுவோம். “அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்பாள். “நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் களைப்பு” என்பேன். ஏழு மாதம் அப்படியே சொன்னேன். “பிள்ளை தூரதேசத்தில் தனியாக இருக்கிறாள்; படிப்பு முடியட்டும், கலங்கப்பண்ண வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டது என் மனைவிதான். ஆனால் தொலைபேசியைப் பிடித்துச் சொன்னது நான். உண்மையைச் சொன்னபோது ஒன்பது நாட்களே மீதமிருந்தன. விசாவும் பயணச்சீட்டும் கிடைத்து அவள் வந்து சேர்ந்தபோது தாய்க்கு நினைவு தவறியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அவள் என்னிடம் எட்டு வருடங்களாக ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. கேட்காததால் அது முடிந்துபோயிற்று என்று நான் நினைத்திருந்தேன்.

நான் காலிலிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினேன். உட்பக்கம் வீங்கியிருந்தது. ஃப்ளோயன் ரயிலின் கதையையும் சொன்னேன். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்; சிரிப்பை அடக்கினாரா, வருத்தத்தை அடக்கினாரா, தெரியவில்லை.

“பயணம் வேண்டாம், விட்டுவிடலாம்” என்றேன். அப்போதுதான் அம்மையார் உள்ளே வந்தார். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. “இதற்குத்தானே தாள்? வேறு தாள் எடுங்கள்” என்றார். விட்டுவிடுவது ஒரு வழி, பிடிவாதமாகப் போவது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே வழிகள் உண்டு என்பதை அந்த ஆசிரியை கால் மணி நேரத்தில் வரைபடத்தில் வரைந்து காட்டினார்.

இப்படி முடிவாயிற்று. மருமகனும், அவரோடு வேலைசெய்யும் நார்வே நண்பர் ஒருவரும் கின்சார்விக்கில் இறங்கி முழுப் பாதையையும் நடப்பார்கள். மகளும் நானும் காரை லோஃப்தூஸுக்கு ஓட்டிச்சென்று, எதிர்ப்புறமிருந்து மெதுவாக ஏறுவோம். இதனால் ஒரு தொல்லையும் தீர்ந்தது; ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிகிற பாதையில், முடிகிற இடத்தில் கார் காத்திருக்கும். நாங்கள் உச்சிவரை ஏறவேண்டுமென்ற கட்டாயமில்லை. எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பவேண்டும்; அதுமட்டுமே கட்டாயம். ஏறினதைவிட இறங்க அதிக நேரம் எனக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு கைத்தடிகள், மணிக்கு ஒருமுறை பிஸ்கட், சர்க்கரை இறங்கிவிடாதபடிக்கு.

முழங்கால் என்ற சொல்லை மகள் புதிய தாளில் எழுதினாள். ‘வலது’ என்று முன்னே சேர்த்தாள்.

சனிக்கிழமை, ஆகஸ்டு 27. விடியுமுன் புறப்பட்டோம். வழியில் 2013-இல் திறக்கப்பட்ட ஹார்டாங்கர் பாலம். இரண்டு கோபுரங்களுக்கிடையே மட்டும் 1310 மீட்டர் தொங்குகிறது. அதற்குமுன் மலைக்குள்ளே சுரங்கப்பாதை. அதன் நடுவே நீல வெளிச்சத்தில் ஒரு வட்டச் சந்திப்பு. மலையைக் குடைந்து அதற்குள் சாலைச் சந்திப்பு வைக்கிற ஜனம்! கின்சார்விக்கில் இருவரையும் இறக்கிவிட்டு, லோஃப்தூஸுக்கு வந்து, எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம்.

லோஃப்தூஸ் எங்கும் பழத்தோட்டங்கள். ஆப்பிள் சிவக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பழமரம் வளர்க்கும் கலையை வளர்த்தவர்கள் துறவிகள் என்று சொல்லுகிறார்கள். பெர்கனுக்குத் தெற்கே லீசெ என்ற இடத்தில் 1146-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டர்சியத் துறவிகள் ஒரு மடம் கட்டினார்கள். அவர்களுக்கு லோஃப்தூஸிலும் நிலமிருந்தது. தோட்டத்திற்கு மேலேயுள்ள செங்குத்தான சரிவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லை அடுக்கி அவர்கள் அமைத்ததாகச் சொல்லப்படும் படிகள் இன்றும் இருக்கின்றன. துறவிகளின் படிகள் என்றே பெயர், எண்ணிக்கை 616. அதற்கு மேலே வட ஐரோப்பாவிலேயே பெரிய மலைப்பீடபூமியான ஹார்டாங்கர்விட்டா தொடங்குகிறது. உண்மையாகவே 616 இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு வரும்படி பேத்தி எனக்கும் தன் தகப்பனுக்கும் கட்டளையிட்டிருந்தாள்.

காட்டுக்குள் ஏறினோம். பேச்சில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பாறையின்மேல் உட்கார்ந்தோம். கீழே ஃபியோர்டு, அக்கரையில் மலையின் தலையில் ஃபோல்கெஃபோன்னா பனிப்பாறை வெள்ளை விரிப்பாகத் தெரிந்தது. மகள் புளிச்சோறு எடுத்துக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளே கேட்டாள்: “அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னார்கள், அந்தக் கடைசி மாதங்களில்?”

எட்டு வருடம் கழித்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது அவளுக்கும் எனக்கும் உரியது. சொல்லி முடிக்க அரை மணி நேரமானது. அவள் அழுதாள். திட்டத்தில் ஓய்வுக்கு ஒதுக்கின நேரம் அங்கேயே தீர்ந்துபோயிற்று.

பதினொன்றரைக்குப் படிகளின் அடிக்கு வந்தோம். ஒழுங்கற்ற பெரிய கற்கள். சில முழங்கால் உயரம். எண்ணிக்கொண்டே ஏறினேன். 140-ஆம் படியில் மகளுடைய கைக்கடிகாரம் ஒலித்தது. பன்னிரண்டு மணி. மேலே பார்த்தேன். வளைவுக்கு அப்பால் வெளிச்சமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் விளிம்பு தெரியும்போலிருந்தது. முழங்காலும் அப்போது வலிக்கவில்லை. “இன்னும் பத்து நிமிடம்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

இறங்க நான்கு மணி நேரம் பிடித்தது. கைத்தடிகள் இல்லாவிட்டால் அதுவும் ஆகியிராது. கடைசி ஒரு மணி நேரம் பக்கவாட்டில் நண்டைப்போல் இறங்கினேன். இரண்டு மணிக்குமேல் மேகம் தாழ்ந்து, நாங்கள் உட்கார்ந்த பாறை இருந்த உயரம் முழுவதையும் மூடிவிட்டது. நான் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று போயிருந்தால் அந்த மேகத்துக்குள் அந்தக் கற்களின்மேல் நின்றிருப்பேன்.

மருமகன் வரவேண்டிய நேரம் மாலை நான்கரை. ஐந்தானது, ஐந்தேகாலானது, கைபேசியில் அழைத்தால் தொடர்பு இல்லை. மகள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே நானும் நின்றேன். எட்டு மணிக்குத் தகவல் இல்லாவிட்டால்தான் அம்மையார் 112-க்கு அழைப்பார். அதற்குமுன் பயப்பட அவசியமில்லை என்று தாளில் எழுதியிருந்தோம். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். சாலையோரம் ஆளில்லாத ஒரு பலகைக் கடை. கூடையில் பிளம்ஸ் பழம், பக்கத்தில் காசுப் பெட்டி. அதில் பணம் போட்டுப் பழம் வாங்கினோம், யாரும் தின்னவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு இருவரும் தோட்டத்தின் நடுவிலிருந்து நனைந்து இறங்கிவந்தார்கள். மேலே மூடுபனியில் சிவப்பு அடையாளங்கள் தெரியாமல், வரைபடத்தையும் திசைகாட்டியையும் பார்த்துப் பார்த்து நடந்ததில் நேரமாகிவிட்டதாம். நோசி என்ற இடத்திலிருந்து பார்த்தால் சுமார் 950 மீட்டர் கீழே ஃபியோர்டு காலடியில் விரியும் என்று ஐந்து நாட்களாக எங்களுக்குச் சொல்லியிருந்தார். “என்ன தெரிந்தது மாப்பிள்ளை?” என்றேன். “என் காலணி தெரிந்தது மாமா” என்றார்.

படிகளை அவர் எண்ணியிருந்தார், 598 வந்தது. பேத்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தாவின் 140-ஐ அதோடு கூட்டவேண்டும் என்று சாதித்தாள்.

நான் மும்பைக்குத் திரும்பி மூன்று வாரமானபின், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் மகள் தொலைபேசியில் வந்தாள்.

“முழங்கால் எப்படி இருக்கிறது அப்பா?”

“நன்றாக...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். “மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறது. செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் போகிறேன். சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது” என்றேன்.

“எவ்வளவு?” என்று கேட்டாள். பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. சொன்னேன், எழுதிக்கொண்டாள்.